கைதட்டும் அண்ணன்

மகளிர் தினமான மார்ச் 8 அன்று ஆங் மோ கியோ தொழிற்பேட்டையில் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் அவரைத் தேட வேண்டியதில்லை. ஊதா நிறச் சட்டையில் நிற்பவர் அவர்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டது யார் என்று கேட்பது மரியாதையாக இருக்காது. மேசை மேல் இருக்கும் ஊதா கப்கேக்குகளும் அவர் ஏற்பாடுதான். அதாவது, ஏற்பாடு செய்யச் சொன்னது அவர். ஆங் மோ கியோ ஹப்புக்குப் போய் வரிசையில் நின்று வாங்கி வந்தது மனிதவளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண். எல்லாரும் தின்று முடித்ததும் மேசையைத் துடைக்கப் போவது கணக்குப் பிரிவுப் பெண்மணி. "நீங்கள்லாம் இல்லேன்னா இந்த கம்பெனி ஒரு நாள்கூட ஓடாதும்மா" என்று தழுதழுப்பார். பிறகு பெண்களை இரண்டு பக்கமும் நிறுத்தி, நடுவில் தான் நின்று படம் எடுத்து, மதியச் சாப்பாட்டுக்குள் லிங்க்ட்இன்னில் ஏற்றிவிடுவார். கைதட்டும் அண்ணன் என்று அவருக்குப் பெயர் வைப்போம். அவர் கெட்டவர் இல்லை. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. கெட்டவரைக் கவனிக்க 2025 ஜனவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. பாலினம், திருமண நிலை, கர்ப்பம், பராமரிப்புப் பொறுப்பு என்று காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குவதை அது தடுக்கும், 25 பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் சிறு நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு என்றாலும். ஆனால் நல்லவரிடமிருந்து பெண்களைக் காப்பாற்ற எந்த நாட்டிலும் சட்டம் இல்லை.

அண்ணனுக்குப் புள்ளிவிவரம் பிடிக்கும், சின்ன எண்ணாக இருந்தால். மனிதவள அமைச்சின் ஆய்வு 2018ஆம் ஆண்டு நிலவரப்படி சிங்கப்பூரில் முழுநேர வேலை செய்யும் பெண்களின் இடைநிலைச் சம்பளம் ஆண்களுடையதைவிட 16.3 விழுக்காடு குறைவு என்றது. வயது, கல்வி, தொழில், துறை, வேலை நேரம் எல்லாவற்றையும் சமப்படுத்திப் பார்த்தால் இடைவெளி 6 விழுக்காடு. அண்ணன் இந்த ஆறைப் பிடித்துக்கொள்வார். "ஆறுதானே, அதுவும் போயிடும்" என்று கோப்பிக்கடையில் கோப்பி ஓ உறிஞ்சியபடி ஆறுதல் சொல்வார். 2002இல் அந்த எண் 8.8 ஆக இருந்தது. ஏறக்குறைய மூன்று விழுக்காட்டுப் புள்ளி குறையப் பதினாறு ஆண்டு ஆகியிருக்கிறது என்பதை அவருக்குச் சொல்லிவிடலாம். அதைவிட முக்கியமான கேள்வி, சமப்படுத்தியபோது காணாமல் போன அந்தப் பத்து விழுக்காடு எங்கே போயிற்று என்பது. அது தொழிலுக்குள்ளும் துறைக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரே நாற்காலியில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு ஆறு பதில் சொல்கிறது. அந்த நாற்காலிக்கு யார் வந்து சேர்கிறார்கள் என்பதற்கு அது பதில் சொல்லாது.

"பொம்பளைங்க அவங்களாவே லேசான வேலையத் தேர்ந்தெடுக்கிறாங்க, நாம என்ன பண்றது?" இது அண்ணனின் முதல் ஆட்சேபம். ஒதுக்கிவிட முடியாத ஆட்சேபமும்கூட, ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. 2023இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் இந்தத் 'தேர்வை'த்தான் பல ஆண்டுகள் துருவினார். பட்டம் பெற்று வேலைக்குச் சேரும்போது இருவர் சம்பளமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தொடங்குகிறது; பிள்ளை பிறந்த பிறகுதான் கோடுகள் பிரிகின்றன. இரவு ஒன்பது மணிக்கும் தொலைபேசியை எடுப்பவருக்கு, நாளைக் காலை விமானம் ஏறத் தயாராக இருப்பவருக்குச் சில வேலைகள் அளவுக்கு மீறிக் கூலி கொடுக்கின்றன. ஒரு வீட்டில் இருவரும் அப்படி இருக்க முடியாது, குழந்தைப் பராமரிப்பு நிலையம் ஏழு மணிக்கு மூடிவிடும். யாராவது ஒருவர் ஐந்தரைக்குக் கிளம்பியாக வேண்டும். டென்மார்க் எவ்வளவோ தாராளமான நாடு. அங்கும் முதல் பிள்ளைக்குப் பிறகு பெண்ணின் வருமானம் ஆணின் வருமானத்தைவிட நெடுங்காலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பின்தங்குகிறது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இங்கே பிள்ளை வளர்ந்தாலும் விடுதலை கிடையாது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு வருகிறது என்றால் அம்மாக்கள் சம்பளமில்லா விடுப்பு எடுப்பது யாருக்கும் செய்தியே இல்லை. அப்பா எடுத்தால் மின்தூக்கியில் விசாரிப்பார்கள், வேலை போய்விட்டதா என்று. ஐந்தரைக்குக் கிளம்புவது எப்போதும் ஒரே ஆளாக இருந்தால் அதைத் தேர்வு என்று சொல்வது கொஞ்சம் தாராளம்.

அலுவலகத்துக்குள்ளேயே ஐந்தரைக்கு முன்னால் நடப்பது ஒன்று உண்டு. கூட்டம் தொடங்குகிறது, குறிப்பு எடுக்க ஆள் வேண்டும். அண்ணன் சுற்றிப் பார்ப்பார். அந்தப் பார்வை எங்கே போய் நிற்கும் என்று எல்லாருக்கும் தெரியும். "உங்க கையெழுத்து அழகும்மா" என்பார், எல்லாரும் மடிக்கணினியில் தட்டும் காலத்தில். பிரிவுபசார விருந்துக்குப் பணம் வசூலிப்பது, புதியவருக்குக் கழிப்பறை எங்கே என்று காட்டுவது, தீபாவளிக்குக் கோலம் போடுவது எல்லாம் இதே கணக்கில் சேரும். லிண்டா பாப்காக், லிசெ வெஸ்டர்லுண்ட் முதலியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இந்த மாதிரிப் பதவி உயர்வு தராத வேலைகளையே எடுத்துக்கொண்டது. ஆணும் பெண்ணும் கலந்த குழுவில் பெண்கள் 48 விழுக்காடு அதிகமாகத் தாமாக முன்வந்தார்கள். பெண்களின் இயல்பு என்று அண்ணன் இதற்குள் சொல்லியிருப்பார். ஆனால் ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்களில் யாரோ ஒருவர் கை தூக்கவே செய்தார், பெண்கள் மட்டுமே இருந்த குழுக்களில் நடந்த அதே அளவுக்கு. ஆக, குறிப்பெடுக்கும் திறமை ஆண் வர்க்கத்துக்கு உண்டு. அறைக்குள் ஒரு பெண் வந்ததும் அது மறைந்துவிடுகிறது. முறைவைத்து ஆளுக்கு ஒரு வாரம் என்று பெயர்ப் பட்டியல் ஒட்டினால் தீர்ந்துபோகும் சமாச்சாரம் இது. மகளிர் தினப் பேச்சைவிடக் குறைந்த நேரத்தில் செய்துவிடலாம். என்ன, அதில் அண்ணன் பெயரும் வரும்.

அவருடைய அடுத்த ஆட்சேபம் ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவை. "ரெண்டு வருஷம் நாங்க வெயில்ல கிடந்தோமே, அதுக்கு ஏதாவது இருக்கணும்ல?" இருக்கத்தான் வேண்டும். அந்த இரண்டு ஆண்டுகள் லேசானவை அல்ல, அவற்றுக்கு ஈடு கேட்பது நியாயமும்கூட. ஆனால் சேவை வாங்கியது நாடு. பில்லைப் பக்கத்து மேசைப் பெண்ணிடம் நீட்டுவானேன்? அதோடு, பாதிப்பும் ஈடும் வேலைக்குச் சேரும் வயதில் தெரிய வேண்டியவை. இடைவெளியோ முப்பதுக்கு மேல்தான் அகலமாகிறது. அந்த வயதில் நடப்பது பிரசவம்.

பெண்கள் தரப்பிலும் அண்ணனுக்கு ஒரு கூட்டாளி உண்டு. எல்லாத் தடையையும் தாண்டி மேலே வந்த அக்கா. "எங்க காலத்துல நாங்க கேட்டோமா?" என்பது அவர் மந்திரம். கேட்டார்கள் என்பதுதான் வரலாறு. அரசாங்கச் சேவையில் பெண்களுக்குச் சம ஊதியம் என்பது 1962இல் ஒப்புக்கொள்ளப்பட்டது, கேட்டதால். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மருத்துவப் படிப்பில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்று 1979இல் வைத்த வரம்பு 2003இல் நீங்கியது. 1985இல் தொடங்கிய 'அவேர்' மாதர் சங்கம் முதலானோர் ஆண்டுக்கணக்கில் கேட்டதால். அரசாங்கப் பெண் ஊழியர் தம் குடும்பத்துக்கு மருத்துவச் சலுகை கோர 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவற்றில் எதுவும் தனி ஒருத்தியின் துணிச்சலால் நடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'துணிந்து பேசுங்கள், சம்பளத்தைப் பேரம் பேசுங்கள்' என்று பெண்களுக்குப் பயிலரங்கு நடத்துகிறவர்கள், பேரம் பேசும் பெண்ணைத் 'திமிர் பிடித்தவள்' என்று குறித்துக்கொள்ளும் மேலாளருக்குப் பயிலரங்கு வைப்பதில்லை. தனியாக அல்ல, சேர்ந்து செய்வதே உதவும். ஒபாமா காலத்து வெள்ளை மாளிகையில் வேலைபார்த்த பெண்கள், ஒருத்தி சொன்ன யோசனையை இன்னொருத்தி அவள் பெயரைச் சொல்லித் திரும்பச் சொல்வது என்று வழக்கம் வைத்துக்கொண்டார்கள். அண்ணன் அதே யோசனையைப் பத்து நிமிடம் கழித்துத் தன் குரலில் சொல்லிப் பாராட்டு வாங்க முடியாமல் போகும். சம்பளத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் அப்படித்தான். அதில் ஆண்களும் சேர்ந்தால்தான் பயன்; ஒப்பிட இரண்டு எண் வேண்டுமே. தோள்கொடுக்க வருகிறேன் என்னும் ஆண் முதலில் கொடுக்கக்கூடியது தன் சம்பளச் சீட்டு. "அது கம்பெனி ரகசியம்மா" என்பார் அண்ணன்.

அதையும்விடக் கடினமானது விடுப்பு. 2025 ஏப்ரல் 1 முதல் தந்தையர் விடுப்பு நான்கு வாரம், அரசாங்கச் செலவில், முதலாளி மறுக்க முடியாது. அதற்கு மேல் பெற்றோர் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு ஆறு வாரம். 2026 ஏப்ரலிலிருந்து பத்து. நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டால் இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்ற முத்தரப்பு வழிகாட்டியும் 2024 டிசம்பரில் வந்துவிட்டது. ஆனால் இரண்டு வார விடுப்பாக இருந்த காலத்தில் அதை எடுத்த தந்தையர் ஏறத்தாழ பாதிப்பேர்தான். நார்வேயில் 1993இல் நான்கு வாரம் அப்பாவுக்கு மட்டும், எடுக்காவிட்டால் இல்லை என்று ஒதுக்கும்வரை, நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான் விடுப்பில் போனார்கள். சில ஆண்டுகளில் பெரும்பாலோர் போகத் தொடங்கினார்கள். மேலாளர் போனால் மற்றவர்களும் போவார்கள், கர்ப்பிணியை வேலைக்கு எடுப்பது மட்டுமே 'ரிஸ்க்' என்ற கணக்கும் குலையும். கைதட்டும் அண்ணனிடம் இரண்டாவது பிள்ளைக்குப் பத்து வாரம் எடுக்கப் போகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். குரல் தாழ்ந்துவிடும். பெரிய புராஜெக்ட் இருக்கிறது, திரும்பி வரும்போது தன் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார், போனஸில் கைவைப்பார்கள், அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இருக்காது என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்வார். மனிதவள அமைச்சு பதினாறு ஆண்டுப் புள்ளிவிவரங்களை அலசிக் கண்டுபிடித்ததை அவர் ஆய்வே இல்லாமல் தெரிந்துவைத்திருக்கிறார்.