இறங்குறதுதானுங்க கஷ்டம்

கோயமுத்தூரில் காலை ஐந்தரைக்கு வெளியே கிளம்புகிறவர்கள் மூன்று ரகம். ரேஸ்கோர்ஸில் ஓடுகிறவர்கள், ரேஸ்கோர்ஸில் நடக்கிறவர்கள், ரேஸ்கோர்ஸுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு அங்கே நின்று காபி குடிக்கிறவர்கள். மூன்றாவது ரகத்தில் சேர்ந்து, உழைப்பால் மேலே வந்தவன் நான். ஒரு சுற்று சுமார் இரண்டரைக் கிலோமீட்டர். மேடு கிடையாது, பள்ளம் கிடையாது. 2013-ல் கோயம்புத்தூர் மாரத்தான் தொடங்கியதும் ஊரில் பாதிப் பேர் ஷூ வாங்கினோம். மில் முதலாளியும் மோட்டார் காயில் கட்டுகிறவரும் நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு ஒரே ரோட்டில் மூச்சு வாங்கினோம்.

அதோடு நின்றிருந்தால் நல்ல மனுஷன் என்று பெயர் வாங்கியிருப்பேன். ஓடுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. பத்து கிலோமீட்டர் முடித்தால் இருபத்தொன்று கேட்கும், இருபத்தொன்று முடித்தால் நாற்பத்திரண்டு கேட்கும். தூரம் சலித்துப்போனால் சரிவைக் கூட்டச் சொல்லும். தார் ரோட்டை விட்டுவிட்டு வேர், சேறு, உருட்டுக்கல், ஓடைத் தண்ணீர் என்று மலைப்பாதையில் ஐம்பது, நூறு கிலோமீட்டர்கூடப் போவதுதான் ட்ரெயில் ரன்னிங். ஆல்ப்ஸ் மலையில் 2003-லிருந்து ஒரு பந்தயம் நடக்கிறது. யூடிஎம்பி என்பார்கள். பிரான்சின் ஷமோனியில் கிளம்பி, இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக மோன் பிளாங்க் மலையைச் சுற்றி மறுபடி ஷமோனி. சுமார் 170 கிலோமீட்டர். ஏறுகிற உயரத்தை மட்டும் கூட்டினால் பத்தாயிரம் மீட்டருக்குப் பக்கம். மூன்று நாட்டைச் சுற்றியும் கிளம்பின இடத்துக்கே வந்து சேர்வதில் என்ன லாபம் என்று எந்தத் திருப்பூர்க்காரரும் கேட்பார்.

கேட்டது காங்கேயத்து மாமா. அவர் ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்கு மாடு வளர்ப்பவர். பந்தயம் என்றால் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. அவரை மடக்க, அமெரிக்கக் கதை ஒன்றை எடுத்துவிட்டேன். கலிபோர்னியாவில் நூறு மைல் குதிரைப் பந்தயம் ஒன்று. கார்டி ஐன்ஸ்லி என்பவருடைய குதிரை 1973-ல் வழியிலேயே கால் நொண்டிவிட்டது. மறு வருடம், 1974-ல், மனிதர் குதிரையே இல்லாமல் குதிரைகளோடு சேர்ந்து தானே ஓடினார். கெடு 24 மணி நேரம். 23 மணி 42 நிமிடத்தில் வந்து சேர்ந்தார். இன்றைக்கு உலகமெல்லாம் நடக்கிற நூறு மைல் மலையோட்டங்களுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

மாமா முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "அந்தக் குதிரை பொழைச்சுதுங்களா மாப்ளே?" என்றார்.

பிறகு கொஞ்சம் யோசித்து, "ரேக்ளாவுல எரநூறு மீட்டர், முந்நூறு மீட்டர்தானுங்க. அதுக்கு மேல ஓட்டுனா மாட்டுக்குப் பாவம்னு எங்களுக்கே தெரியும்" என்றார். பரிசு எவ்வளவு என்றும் விசாரித்தார். பரிசு இல்லை, நாம்தான் பணம் கட்ட வேண்டும் என்றேன். மாமா எழுந்துபோய் மாட்டுக்குத் தவிடு கரைக்க ஆரம்பித்துவிட்டார்.

சரி, பயிற்சிக்கு எங்கே போவது? மேற்கே திரும்பினால் கண்ணெட்டும் தூரம் வரை மலைதான். ஆனால் அது யானையின் வீடு. தடாகம், ஆனைகட்டிப் பக்கம் விடிகாலையில் மூச்சிரைக்க ஓடி வருகிற ஆளை யானை என்னவென்று எடுத்துக்கொள்ளும் என்பது எந்தப் பயிற்சி அட்டவணையிலும் இல்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேல் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024-ல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று நாற்பது பாதைகளை வழிகாட்டியோடு திறந்துவிட்டது. விதி வேண்டும்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அதெல்லாம் வழிகாட்டிக்குப் பின்னால் வரிசையாக நடக்கிற பாதை. ஒற்றை ஆளாக மூச்சு முட்ட ஏறி இறங்கிப் பழக மருதமலைப் படிக்கட்டு இருக்கிறது. அது போதாதவர்களுக்குப் பூண்டி அடிவாரம்.

அங்கிருந்து ஏறுவது வெள்ளியங்கிரி ஏழு மலை. பிப்ரவரியிலிருந்து மே மாதம் வரை ஏறலாம். இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் வேண்டாம் என்று அடிவாரத்திலேயே வனத்துறை எச்சரிக்கிறது. அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் ராத்திரியில்தான் கூட்டம் ஏறும். கையில் மூங்கில் தடி, வாயில் சிவசிவா. நான் போன கோலத்தைச் சொல்ல வேண்டும். முதுகில் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பை, அதிலிருந்து வாய்க்கு ஒரு குழாய், நெற்றியில் விளக்கு, இதயத்துடிப்பைக் காட்டும் கடிகாரம், பாறையில் வழுக்காத ஷூ. முதல் மலையின் கல்படி முடிவதற்குள் கடிகாரம் என்னைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்து, விட்டு விட்டுக் கத்தியது. பக்கத்தில் ஏறிய பையன், "அண்ணா, போன் அடிக்குதுங்க, எடுங்க" என்றான்.

பாம்பாட்டிச் சுனை தாண்டி ஒரு சுக்குக் காபிக் கடையில் உட்கார்ந்தபோதுதான் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். எழுபது வயது இருக்கும். வெறுங்கால். வேட்டியை மடித்துக் கட்டி, துண்டில் ஒரு பொட்டலம். தடிக்கு மேல்முனையில் பழைய துணி சுற்றியிருந்தது, உள்ளங்கை காய்க்காமல் இருக்க. வருடம் தவறாமல் வருகிறவராம். அமெரிக்காவில் லெட்வில் என்ற மலை ஊரில் நடக்கும் நூறு மைல் பந்தயத்தை 1993-ல் ஜெயித்தவர் மெக்சிகோவின் தாராஹுமாரா பழங்குடியைச் சேர்ந்த விக்டோரியானோ சுர்ரோ. ஐம்பதைத் தாண்டிய மனிதர், பழைய டயரை வெட்டிச் செய்த செருப்போடு ஓடினவர். அந்தக் கதையைப் பெரியவரிடம் சொன்னேன். "டயர் செருப்பு நல்லா ஒழைக்குமுங்க" என்றதோடு அவர் அதை முடித்துக்கொண்டார். பிறகு என் ஷூவை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏறுறது ஒண்ணும் இல்லீங் தம்பி. சாமி ஏத்தி உட்டுரும். இறங்குறதுதானுங்க கஷ்டம். அதை நாமதான் இறங்கோணும்."

மலையோட்டத்தைப் பற்றி நான் படித்த புத்தகங்கள், பார்த்த காணொளிகள் எல்லாவற்றையும் இந்த நாலு வரிக்குள் மடக்கிவிடலாம். ஆண்டி சுனையில் குளித்து, ஏழாவது மலையில் சாமி கும்பிட்டு, குளிர்காற்றில் நடுங்கியதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. திரும்பும்போது ஐந்தாவது, நான்காவது மலை வரைக்கும்கூட வீரம் மிச்சமிருந்தது. கடைசிப் படிக்கட்டில் இரண்டு தொடையும் என்னைக் கேட்காமல் தனித்தனியாக ஆட ஆரம்பித்தன. இதற்குக் காரணம் உண்டு. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். வண்டி இறக்கத்தில் போகும்போது பிரேக் தேய்கிற மாதிரிதான். நார்கள் நுண்ணியதாகக் கிழியும். வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாள் வந்து, அதற்கும் மறுநாள் உச்சத்துக்குப் போகும்.

இவ்வளவு பாடம் கையில் இருந்தும் சிக்கமகளூரு போனேன். கர்நாடகத்தின் மிக உயரமான சிகரம் முள்ளய்யனகிரி இருக்கிற மாவட்டம். பாபா புடன் ஏழு காபிக்கொட்டைகளைக் கொண்டுவந்து நட்டார் என்று சொல்லப்படுகிற மலையும் அங்கேதான். ரேஸ்கோர்ஸ் மூன்றாவது ரகத்துக்காரர்களுக்கு அது குலதெய்வக் கோயில். காபித் தோட்டங்களுக்குள் மலநாடு அல்ட்ரா நடக்கிறது. நான் பணம் கட்டியது ஐம்பது கிலோமீட்டருக்கு.

இங்கே ஒரு தொழில் ரகசியத்தை உடைக்கிறேன். கிளம்பும்போது எல்லோரும் ஓடுகிறார்கள், ஏனென்றால் அங்கே கேமரா இருக்கிறது. முதல் திருப்பத்தில், முதல் ஏற்றத்தில், முன்னணியில் போகிற சிலரைத் தவிர அத்தனை பேரும் நடக்கிறார்கள். கையை முட்டியில் ஊன்றி, கூன் போட்டு, யாரும் யாரையும் பார்க்காமல். மலையோட்டத்தில் இதற்கு அவமானமே கிடையாது. கோயமுத்தூர் ரோட்டில் என்னைச் சட்டைசெய்யாமல் தாண்டிப்போகிற ஐடி கம்பெனிப் பையன்கள் இங்கே என் வேகத்துக்கு வந்து, "அண்ணா, வீட்ல எல்லாரும் சௌக்கியங்களா?" என்று குசலம் விசாரித்தார்கள்.

வழியில் தண்ணீர்ப்பந்தல்கள். தர்பூசணி, வாழைப்பழம், வெல்லம், வேகவைத்த உருளைக்கிழங்கு. உப்பை ஒரு தட்டில் குவித்து வைத்திருப்பார்கள். கிழங்கை அதில் ஒற்றி வாயில் போட வேண்டும். பாதி தூரத்துக்கு மேல் அந்தக் கிழங்குக்கு ஈடாக எந்தக் கல்யாண விருந்தையும் நான் சொல்ல மாட்டேன். மீதி உப்பைக் காலில் தடவிக்கொண்டேன், அட்டைக்கு. அட்டைகள் நம் ஊர்ச் சொந்தக்காரர்கள் மாதிரி இல்லை. எதற்காக ஓடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்காது.

கடைசிப் பகுதி இறக்கம். சிவப்பு மண், மழை விழுந்து களியாகியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் கால் ஷூவுக்குள் முன்னால் சறுக்கி, பெருவிரல் போய் முட்டியது. நகம் கறுப்பதை அங்கேயே உணர முடிந்தது. காபிச்செடி ஒவ்வொன்றையும் பிடித்துப் பிடித்து இறங்கினேன்; கையில் மூங்கில் தடி இல்லையே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. பின்னால் கடைசி ஆளைக் கூட்டிவருகிற தன்னார்வலர்கள் இரண்டு பேர், என்னைத் தாண்டிவிடாமல் இருக்கப் படாத பாடு பட்டார்கள். கெடு முடிவதற்குள் கோட்டைத் தாண்டினேன். கழுத்தில் பதக்கம் போட்டார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன், நிமிரத்தான் நேரமானது.

எங்கள் வீடு சௌரிபாளையத்தில் ஒரு அடுக்குமாடியில் இரண்டாவது தளம். லிஃப்ட் கிடையாது. திரும்பி வந்த மறுநாள் காலையில் பால் வாங்கக் கிளம்பினேன். முன்பக்கமாக ஒரு படிகூட இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்று, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினேன். அப்படி இறங்கினால் வலி பாதிதான். மேல் தளத்து அக்கா கூடையோடு வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏனுங், சோசியர் சொன்னாருங்களா?"

எனக்கு விளக்கத் தெம்பில்லை. ஆமாங்க என்றேன்.

"எத்தனை நாளைக்குங்க?"

"மூணு நாளுங்க."

அக்கா தலையாட்டிக்கொண்டே போனார். அவர் வீட்டுக்காரருக்குக் கிரைண்டர் கம்பெனி. கொஞ்ச காலமாக ஆர்டர் இல்லை. அடுத்த நாள் காலை நான் தட்டுத்தடுமாறிப் படிக்கு வந்தபோது, மேலே இருந்து அக்கா வீட்டுக்காரர் முதுகைக் காட்டியபடி, குளித்து, திருநீறு பூசி, மிகுந்த பயபக்தியோடு பின்பக்கமாக இறங்கி வந்துகொண்டிருந்தார்.