தோற்பை சம்ரக்ஷணம்: ஒரு சாஸ்திரீய விசாரணை

விஷயப் பிரவேசம்

யானைக்கு வரும் நோய்களையும் அவற்றுக்குரிய சிகிச்சைகளையும் சொல்லக் கஜ சாஸ்திரம் இருக்கிறது. குதிரையின் உடற்சுழிகளைக் கொண்டு அதன் எஜமானனுடைய பாக்கியத்தைக் கணித்துச் சொல்ல அசுவ சாஸ்திரம் இருக்கிறது. இரண்டையும் தஞ்சைச் சரஸ்வதி மகால் நூல்நிலையத்தார் அச்சிட்டும் உபகரித்திருக்கிறார்கள். ஆயின், யானை கட்டித் தீனி போடும் சக்தியும் குதிரையேறும் துணிவும் இல்லாத கோடானுகோடி ஜனங்கள் காலையில் தோளிலும் மாலையில் ஆணியிலும் மாட்டும் தோற்பையைப் பற்றி ஒரே ஒரு சூத்திரமேனும் எழுதிவைக்காமல் நம் முன்னோர் போய்விட்டது, அவர்களுடைய ஞானத்தில் இருந்த குறையன்று, அவர்களுக்கு ஆபீஸ் இல்லாமையால் நேர்ந்த குறை என்று கொள்வதே மரியாதை. அந்தக் குறையை இயன்ற அளவு நிவர்த்தி செய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

சாஸ்திரம் எதுவாயினும் அதைக் கற்பதற்குரிய அதிகாரி யார் என்பதை முதலிலேயே நிர்ணயித்துவிடுவது சம்பிரதாயம். தோற்பை உடையவன் எவனோ அவனே அதிகாரி என்று சொல்லிவிடலாம். ஆனால் சொன்ன மாத்திரத்தில், தன்னிடம் இருப்பது தோற்பைதானா என்ற சந்தேகம் பலருக்கு எழும். துணியின்மேல் பூச்சுப் பூசிய ரெக்சின் பை, சில வருஷங்கள் தோலாகவே நடமாடிவிட்டு, ஏதோ ஒரு கோடையில் செதில் செதிலாக உரியத் தொடங்குகிறது. அதற்குச் சிகிச்சை கிடையாது, உத்தரகிரியை மட்டுமே உண்டு. தோலைத் தோலென்று துணிவதற்குப் பிரமாணங்கள் மூன்று: வெட்டுவாயில் நார்நாராகத் தெரிவது பிரத்தியட்சம், கொடுத்த விலையைக் கொண்டு ஊகிப்பது அனுமானம், கடைக்காரர் அடித்துச் சொல்வது ஆப்தவாக்கியம். இவற்றுள் மூன்றாவது செல்லாது என்பதில் எல்லாத் தரிசனங்களுக்கும் ஒற்றுமை உண்டு.

பொருளின் ஸ்வரூபம்

தோலின் உடம்பு கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனது. அந்தப் புரதம் மூன்று இழைகள் சேர்ந்து முறுக்கிக்கொண்ட அமைப்புடையது என்பதை 1954ஆம் வருஷம் சென்னைச் சர்வகலாசாலையில் இருந்துகொண்டே ஜி. என். ராமச்சந்திரன் அவர்களும் கோபிநாத் கர்த்தா அவர்களும் எக்ஸ்ரே கதிர்களின் உதவியால் கண்டு உலகத்துக்கு அறிவித்தார்கள். அதற்காகக் கங்காருவின் வாலிலிருந்து எடுத்த தசைநாண் சமுத்திரம் கடந்து சென்னைக்கு வந்தது. இதற்கு ஆறு வருஷங்களுக்கு முன்னரே, 1948இல், மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாற்றில் தோன்றிவிட்டது. ஆக, தோலைப் பற்றி அறிவதற்கு இந்தப் பட்டணத்தைக் காட்டிலும் வசதியான க்ஷேத்திரம் பூமண்டலத்தில் அதிகமில்லை. இங்கே வசிப்பவர்களே மழையில் தோற்பையைத் தலைக்குமேல் குடையாகப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்பது, ஞானம் வேறு அனுஷ்டானம் வேறு என்பதற்கு உதாரணமாகும்.

உரித்த தோல் அப்படியே விட்டால் அழுகும், காய்ந்தால் பலகையாகும். அந்த இரண்டு கதிகளிலிருந்தும் அதனை மீட்பதற்குப் பதனிடுதல் என்று பெயர். ஆவாரம்பட்டையின் சாற்றில் ஊறவைத்துக் கடுக்காய்ச் சாற்றில் முடிப்பது திண்டுக்கல் முதலிய ஊர்களில் வழங்கிய பழைய மார்க்கம். 1884இல் அமெரிக்காவில் ஆகஸ்டஸ் ஷுல்ஸ் என்பவர் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து கிளைத்த குரோம் உப்பு மார்க்கம் புதியது. முன்னது வெயிலும் கையும் பட்டு நாளடைவில் கறுத்து முதிரும். பின்னது வெட்டுவாயில் பெரும்பாலும் நீலச் சாயல் காட்டும், நன்கு பதப்பட்டிருந்தால் கொதிநீரில் போட்டாலும் சுருங்காது. இந்தக் கொதிநீர்ப் பரீட்சை தொழிற்சாலையில் ஒரு துண்டை வெட்டிச் செய்வதற்கு உரியதேயன்றி, வீட்டில் முழுப் பையையும் அடுப்பில் ஏற்றிச் செய்வதற்கு உரியதன்று என்பதைச் சிஷ்யர்கள் கவனிக்க.

எந்த மார்க்கமாயினும், பதனிட்டவர்கள் கடைசியில் கொழுப்பு எண்ணெயை நாருக்குள் புகட்டியே அனுப்புகிறார்கள். அந்த எண்ணெயும், காற்றிலிருந்து தோல் தானாக வாங்கிவைத்திருக்கும் ஈரமும் சேர்ந்துதான் நாரும் நாரும் உராயாமல் வழுக்கிக்கொடுக்கச் செய்கின்றன. தோற்பையின் மிருதுத்தன்மை என்பது இவ்விரண்டின் சமநிலையே. இந்த உண்மையை மனத்தில் இருத்தினால் மேலே வரும் விவாதங்களெல்லாம் எளிதில் விளங்கும்.

சத்துரு நிர்ணயம்

தோலுக்கு முதற் சத்துரு தண்ணீர் என்பர். இங்கே ஓர் ஆக்ஷேபம்: கமலை கட்டி இறைத்த காலத்தில், சாலின் அடியில் தொங்கிய தோல்வால் பொழுது முழுவதும் கிணற்றில் முங்கி முங்கி எழுந்தும் உழைத்துக்கொடுத்ததே, அஃது எவ்வாறு? சமாதானம் இது: தோலைக் கெடுப்பது நனைதலன்று, நனைந்த பின் அவசரமாகக் காய்தலே. கமலைத் தோலுக்குக் காய்வதற்கு அவகாசமே இல்லாமையால் அது பிழைத்தது. பையோ, நனைந்த அன்று மாலையே மாடியில் வெயிலுக்கும், வெயில் இல்லையேல் அடுப்பங்கரைக்கும், அதுவும் போதாதென்று மறுநாள் இஸ்திரிப் பெட்டிக்கும் இலக்காகிறது. சடுதியில் ஈரம் வெளியேறும்போது நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, தோல் விறைக்கிறது, மடிப்பில் வெடிக்கிறது. ஆகவே நனைந்த பையைத் துணியால் ஒற்றி, வாயைத் திறந்து, நிழலில் காற்றாட வைத்துவிட்டு, பொறுத்துக்கொண்டிருப்பதே சிகிச்சை. பொறுத்துக்கொண்டிருப்பது ஒரு செயலாகத் தோன்றாமையால் அதை யாரும் செய்வதில்லை.

இரண்டாம் சத்துரு பூஞ்சணம். காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் ஏறிப் பல நாள் இறங்காமல் நின்றால், இருட்டும் புழுக்கமும் உள்ள அலமாரியில் அது குடியேறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரைப் பட்டணங்களுக்கு இந்த லக்ஷணங்கள் யாவும் குறைவறப் பொருந்தும். பையைப் பத்திரப்படுத்துவதாக எண்ணிப் பிளாஸ்டிக் உறைக்குள் இட்டு வாயைக் கட்டுகிறவர், பூஞ்சணத்துக்கு வாடகையில்லாத வீடு கட்டிக்கொடுத்தவராவார்.

மூன்றாம் சத்துரு சோப்பு. தோல் சற்று அமிலத் தன்மையுடையது, சோப்போ காரம். சட்டைக் காலருக்குப் போடும் துணிசோப்பைப் பையின் கைப்பிடிக்கும் போட்டுத் தேய்த்தால், அழுக்கோடு நிறமும் நிறத்தோடு உள்ளிருந்த எண்ணெயும் வெளியேறும். ஈரம் பிழிந்த துணியால் மெல்லத் துடைப்பதற்கு மேல் அங்கே எதுவும் வேண்டியதில்லை.

மதங்களும் அவற்றின் கண்டனமும்

தோற்பையைப் பேணும் விஷயத்தில் மூன்று மதங்கள் நாட்டில் வழங்குகின்றன.

எண்ணெய் மதத்தார், தோல் என்பது ஒரு காலத்தில் உயிருள்ள சரீரமாக இருந்தமையால் அதற்கும் அப்யங்கனம் அவசியம் என்பர். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் என்று அவர்களுக்குள்ளேயே உட்பிரிவுகள் மூன்று. கையில் கிடைத்ததை ஊற்றித் தேய்த்து, பை மினுமினுப்பதைக் கண்டு ஆனந்திப்பார்கள். மறுநாளே அது தெருப்புழுதி முழுவதையும் வாரி இழுத்துக்கொள்வதையும், ஒரு மாதத்தில் நிற்கத் திராணியற்றுத் தொய்ந்து உட்காருவதையும், பித்தளைக் கொக்கியின் ஓரத்தில் பச்சை நிறத்தில் பசைபோல் ஒன்று கசிவதையும் அவர்கள் எண்ணெயின் குற்றமாகக் கொள்வதில்லை. எண்ணெய் போதவில்லை என்றே கொள்கிறார்கள். பித்தளையிலுள்ள செம்பு கொழுப்போடு கூடி விளைவிப்பதே அந்தப் பச்சை. மேலும், தலையில் வைத்த எண்ணெயைத் துடைக்காத கையால் தினந்தோறும் பிடிக்கப்படும் நம் ஊர்ப் பையின் கைப்பிடிக்கு, ஒருவரும் சங்கற்பம் செய்துகொள்ளாமலே நித்திய அப்யங்கனம் நடந்துவருகிறது என்பதையும் அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

தோல் வறண்டு பொடிவதெல்லாம் எண்ணெய்க் குறைவால் என்னும் அவர்களுடைய மூலவாக்கியமும் நிற்பதற்கில்லை. லண்டனில் புத்தகங்களின் தோல் அட்டைகள் செந்நிறப் பொடியாக உதிரத் தொடங்கியபோது, கலைச் சங்கத்தார் ஒரு குழுவை நியமித்து விசாரித்து 1901இல் அறிக்கை வெளியிட்டார்கள். வாயு விளக்கின் புகையும் அமிலமும் பதனிட்ட முறையின் குறையுமே காரணங்களென்று தெரியவந்தன. பொடிந்த நாரை எந்த எண்ணெயும் மறுபடி நாராக்குவதில்லை.

மெருகு மதத்தார் ஷூ பாலிஷை உபாசிப்பவர்கள். பூட்ஸ் காலில் கிடப்பது. அதன் சாயம் எவர்மீதும் உராய்வதில்லை. பையோ இடுப்பிலும் விலாவிலும் ஓயாமல் உராய்வது. ஆதலால் இம்மதத்தாரை அடையாளம் காண்பது சுலபம்: வெள்ளைச் சட்டையின் வலப்புறத்தில், பையின் அகலத்துக்கு, பழுப்பு நிறத்தில் அவர்களுடைய மதச்சின்னம் பதிந்திருக்கும். நிறமில்லாத மெழுகை விரல்நுனியளவு எடுத்து, பூசியதே தெரியாதபடி துடைத்துவிடுவாராயின் இவர்களோடு நமக்கு விரோதமில்லை.

மூன்றாமவர் உபேட்சா மதத்தார். அவர்கள் பையைத் தொடுவதே இல்லை; எடுப்பதும் வைப்பதுமே அவர்களுடைய வழிபாடு. ஆச்சரியம் என்னவெனில், தினமும் காற்றும் வெளிச்சமும் பட்டு, கைபட்டு மடங்கி நிமிர்ந்து உழைக்கும் அவர்களுடைய பையே பெரும்பாலும் மற்ற இருவர் பைகளையும்விட நீண்டநாள் வாழ்கிறது.

ஆயுத பூஜைப் பிரகரணம்

இதிலிருந்து பிறக்கும் சித்தாந்தம் யாது? தோற்பை அலட்சியத்தால் சாவதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வரும் பக்தியால் சாகிறது. இதனை ஆயுத பூஜையன்று யார் வீட்டிலும் பிரத்தியட்சமாகக் காணலாம். அதுவரை மூலையில் கிடந்த பை அன்றைக்கு இறக்கப்படுகிறது. ஈரத்துணியால் அழுத்தித் துடைக்கப்படுகிறது. கண்ணில் பட்ட எண்ணெய் பூசப்படுகிறது. கரைத்த சந்தனம் மூன்று இடங்களில் வைக்கப்பட்டு, அதன்மேல் குங்குமம் இடப்படுகிறது. சந்தனத்தின் நீர் தோலுக்குள் இறங்கி வட்டம் வட்டமாகக் கறை கட்டுகிறது. குங்குமத்தின் சிவப்பு அந்த வட்டத்துக்குள் நிரந்தர வாசம் கொள்கிறது. பிறகு பத்திரம் கருதிப் பை அலமாரிக்குள் போகிறது. அதற்குச் சில நாளில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. ஈரம், எண்ணெய், இருட்டு, புழுக்கம் என்ற நான்கும் இவ்வளவு திருத்தமாக ஒருங்குகூடும்படி பூஞ்சணமே பஞ்சாங்கம் கணித்திருந்தாலும் இதைவிடச் சிறந்த முகூர்த்தம் வைத்திருக்க முடியாது. தை மாதத்தில் கதவைத் திறந்து, வெண்மையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் பையைப் பார்த்து, “இவ்வளவு செய்தும் இப்படி ஆயிற்றே!” என்று வீட்டார் துக்கிக்கிறார்கள். செய்ததால்தான் ஆயிற்று.

பூஜையை நிறுத்தச் சொல்வது நமது கருத்தன்று. பொட்டைப் பையின் கொக்கியில் வைக்கலாம். உலோகம் துடைத்தால் போகும், தெய்வமும் கோபிக்காது.

அனுஷ்டான விதிகள்

இந்தச் சாஸ்திரத்தின் விதிகள் சிலவே. சுமந்து வந்த பையை அன்றன்று உலர்ந்த துணியால் ஒருதரம் துடைக்க வேண்டும். ஆணியில் மாட்டக் கூடாது. வார் நீண்டுபோம், ஆணித் தடம் பதிந்துபோம். பயன்படுத்தாத நாளில் வெள்ளைக் காகிதத்தை உள்ளே அடைத்து உருவம் கெடாமல் நிறுத்தி, பழைய வேட்டித் துண்டால் மூடி, காற்று நடமாடும் இடத்தில் வைக்க வேண்டும். பூஞ்சணம் கண்டால் வீட்டுக்கு வெளியே எடுத்துச் சென்று உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். உள்ளே தட்டினால் மற்றப் பைகளுக்கும் பரவும். தோல் மெய்யாகவே வறண்டிருந்தால், தோலுக்கென்றே விற்கும் பசையை, முதலில் அடிப்புறத்து மூலையில் சோதித்து, மிகச் சிறிதளவு தடவலாம்.

தையல் விஷயத்தில் எங்கள் தெருமுனையில் செருப்புத் தைப்பவரே ஆசாரியர். கைப்பிடி அறுந்த பை ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குத்தூசியின் முனையால் தையலைத் தொட்டுக் காட்டி, “தோலு கல்லு மாதிரி இருக்கு சார், நூலுதான் போயிருக்கு. என்னத்தப் போட்டு ரொப்புனீங்க உள்ள?” என்று அவர் கேட்டார். நூலில் மெழுகை இழுத்து இரட்டைத் தையலாகப் போட்டுக் கொடுத்தார். அவருடைய கேள்வி, மேலே சொன்ன மூன்று மதங்களும் கேட்க மறந்த கேள்வி.

எதை ரொப்பினோம்? வாய் சரியாக மூடாத எவர்சில்வர் டப்பா, ஒழுகும் பேனா, நனைந்த மடக்குக்குடை, என்றைக்கோ கட்டிய மின்சாரப் பணத்தின் ரசீது, ஜாதக நகல், எந்தப் பூட்டுக்கு உரியதென்று ஒருவருக்கும் தெரியாத சாவி, இவையனைத்தும் கைப்பிடியின் இரண்டு முனைகளிலும் தொங்கி, இரவிலும் ஓய்வின்றித் தையலை இழுக்கின்றன. ஆகவே சம்ரக்ஷணத்தின் பரம ரகசியம் ஒன்றே: இரவுதோறும் பையைக் காலி செய்தல். அதற்குக் காசு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், கடைக்குப் போக வேண்டாம். ஆனால் காலி செய்பவன், வெளியே எடுத்த ஒவ்வொரு பொருளையும் பற்றி வேண்டும், வேண்டாம் என்று ஒரு தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். அந்தத் தீர்ப்புக்கு அஞ்சித்தான் மனிதன் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடிப் போகிறான். பூசுவது எளிது, அந்த ரசீதைக் கிழித்துப் போடுவது கடினம்.

இந்த விசாரணை உபயோகமானதென்று கருதும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: இதைக் கத்தரித்துப் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம். அச்சு மை தோலில் இறங்கிவிடும். தவிர, உள்ளே ஏற்கனவே இடமில்லை.