சவ்வின் அகலமும் சங்கீதமும்

கேள்வி: ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் கம்பியில்லா இயர்பட்ஸ் வாங்க உத்தேசம். ‘13 மில்லிமீட்டர் டிரைவர்’ என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பலாமா?

பதில்: பானையின் வாயகலத்தைக் கொண்டு சோற்றின் பதத்தை நிர்ணயிக்க முடியுமானால், மில்லிமீட்டரைக் கொண்டு நாதத்தையும் நிர்ணயிக்கலாம். டிரைவரிலுள்ள அந்தச் சிறு சவ்வு எவ்வளவு அகன்றது என்பதைவிட, அதன் ஒலி எவ்விதம் சமன் செய்யப்பட்டிருக்கிறது என்பதும், சிலிக்கோன் நுனி செவித்துவாரத்தை இடைவெளியின்றி அடைக்கிறதா என்பதுமே பிரதானம். அடைப்பில் சிறிது இடைவெளி நேர்ந்தாலும் கீழ்ஸ்தாயி கசிந்து போய்விடுமாதலால், உடன்வரும் நுனிகளையெல்லாம் மாற்றிப் பொருத்திப் பார்க்காமல் ஒலியைக் குறை கூறுவது அநியாயம். இரு செவிகளுக்கும் ஒரே அளவுதான் பொருந்தவேண்டும் என்ற நியதியும் இல்லை.

மலிவு விலைக் கருவிகளில் பல, கீழ்ஸ்தாயியை மிகைப்படுத்தி, கடையில் நிற்கும் இரண்டொரு நிமிஷத்துக்குள் நம்மை வசீகரித்துவிடுகின்றன. ஆகையால் தாங்கள் நன்கறிந்த கச்சேரிப் பதிவொன்றைக் கேளுங்கள். மிருதங்கத்தின் கீழ்ஸ்தாயிப் பக்கமான தொப்பி முழங்கும்போதும் தம்புராவின் ரீங்காரமும், பாடுபவர் மூச்செடுக்கும் நுட்பமும் மறையாமல் நிற்குமாயின் தாராளமாக வாங்கலாம். தொப்பி மாத்திரமே கச்சேரி செய்தால், வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பளபளக்கும் மேற்பூச்சு வேண்டாம். வியர்த்த விரலில் வழுக்கும். தண்டுள்ள அமைப்பில் மைக் வாய்க்குச் சற்றே சமீபமாக இருப்பதால் தொலைபேசிக்கு அநுகூலம். தொட்டால் இயங்குபவை, செவியில் சரிசெய்யும்போதே பாட்டை நிறுத்திவிடக்கூடும். அமுக்கும் பொத்தானுள்ளது கிடைத்தால் அதையே வாங்குங்கள்.