கிழக்கை நோக்கியவனின் விண்ணப்பம்

பஸ்களையும் அவை வந்து நிற்கவேண்டிய நிறுத்தங்களையும் பரிபாலிக்கும் அதிகாரி அவர்களின் சமூகத்துக்கு, பாசிர் கூடாங் வாசியும் குடும்பஸ்தனுமாகிய அடியேன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

ஐயா,

1982-ஆம் வருஷத்தில் மலேசியாவின் அப்போதைய பிரதம மந்திரி மகாதீர் முகமது அவர்கள், இந்நாட்டார் இனிக் கிழக்கை நோக்கவேண்டும், விசேஷமாக ஜப்பானியரின் உழைப்பையும் ஒழுங்கையும் பார்த்துக் கற்கவேண்டும் என்று ஒரு கொள்கையை வகுத்ததும், அதன்படி மாணவர்களும் தொழிற்பயிற்சியாளர்களும் அந்நாட்டுக்கு அனுப்பப்பட்டதும் தாங்கள் அறிந்தவையே. ராஜாங்கத்தின் சொல்லைச் சற்றுத் தாமதமாகவேனும் நிறைவேற்றுவது பிரஜையின் தர்மம் என்று கருதி, மலேசியர் விசா இன்றி அங்கே போய்வரலாம் என்று 2013 முதல் ஏற்பட்டிருக்கும் சௌகரியத்தையும் உத்தேசித்து, சென்ற பள்ளி விடுமுறையில் தாயார், மனைவி, மக்கள் சகிதம் ஒசாகா மாநகரத்துக்குப் போய்க் கிழக்கை நேருக்கு நேராகவே நோக்கிவிட்டு வந்தேன். அதனால் என் குடும்பத்துக்கு நேர்ந்த சேதத்தைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

காலையில் கோட்டையைப் பார்க்கப் போனோம். 1583-இல் ஹிடேயோஷி என்னும் பிரபு கட்டத் தொடங்கிய கோட்டையாயிற்றே, புராதனப் படிகளில் மூச்சிரைக்க ஏறவேண்டுமே என்று அஞ்சிக்கொண்டு போனால், இப்போது நிற்கும் கோபுரம் ஊர் ஜனங்கள் நன்கொடை கொடுத்து 1931-இல் கான்கிரீட்டில் எழுப்பியதென்றும், உள்ளே மின்தூக்கி உண்டென்றும் தெரியவந்தது. முழங்கால் வலிக்காரியான என் தாயார் அன்று முதல் எந்த மாடிப்படியைக் கண்டாலும், “இங்கே தூக்கி வைக்கலியாப்பா?” என்று உரக்கக் கேட்கிறார், பதில் சொல்லும் பொறுப்பு என்னுடையதாகிவிட்டது.

பிறகு மிடோசுஜி பாதையின் சுரங்க ரயில். 1933 முதல் ஓடும் அந்தப் பாதையில், பலகையில் போட்டிருந்த நிமிஷத்துக்கு ரயில் வருகிறதா என்று என் மகன் கைக்கடிகாரமும் கையுமாய் நின்று, அது பிந்தி வருவதைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டுமென்று நிலையத்துக்கு நிலையம் முயன்று, கடைசியில் தோல்வியை ஒப்புக்கொண்டான். பையனின் குணம் கெட்டது அங்கேதான்.

ஷின்சாய்பாஷியில் ஏறத்தாழ 600 மீட்டர் தூரத்துக்குக் கூரை வேய்ந்த கடைவீதி இருக்கிறது. ஒரே கடையில் ஒரே நாளில் 5,000 யென்னுக்குச் சாமான் வாங்கிப் பாஸ்போர்ட்டைக் காட்டினால், அயல்நாட்டாருக்கு வரி தள்ளுபடி என்று சொன்னார்கள். எங்கள் கூடையில் இருந்ததோ 4,000 சொச்சம். நூற்றுக்குப் பத்து வரியை மிச்சம் பிடிக்கும் பொருட்டு, என் மனைவி காலுறைகளையும், நகம்வெட்டிகளையும், பூனை முகம் போட்ட ஒரு சோப்புப் பெட்டியையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, மனக்கணக்காகக் கூட்டிப் பார்த்து, 5,000-த்தைத் தாண்டியதும் விட்ட பெருமூச்சில் ஒரு வெற்றிவீரரின் களிப்பு இருந்தது. சிக்கனத்துக்காக நாங்கள் செய்த செலவைப் பற்றி இங்கே விஸ்தரிப்பது குடும்ப க்ஷேமத்துக்கு உகந்ததன்று.

மாலையில் டோட்டோன்போரி. கால்வாய்க் கரையில் ஓட்டக்காரர் ஒருவரின் விளம்பரப் பலகை முன்னால், 1935-இல் முதன்முதலாக அங்கே தோன்றிய அவர் தூக்கிய கையை இறக்காமல் நிற்கும் காரணத்தால் என் மக்களும் கையைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டார்கள். ஆக்டோபஸ் உருண்டை தின்ற காகிதத் தட்டைப் போடத் தொட்டி தேடிச் சுற்றினேன். தொட்டியும் அகப்படவில்லை, குப்பையும் அகப்படவில்லை. நம் ஊரில் தொட்டி இருக்கிறது. அதைச் சுற்றிலும் குப்பையும் இருக்கிறது.

அங்கிருந்து ஒரு சந்துக்குள் நுழைந்தால் ஹோசென்ஜி கோயில். அங்கே ஒரு தெய்வத்தின் மேல் வருகிறவர்கள் எல்லோரும் அகப்பையால் தண்ணீர் மொண்டு ஊற்றி ஊற்றி, உருவமே தெரியாதபடி பச்சைப் பாசி மெத்தையாகப் படர்ந்திருக்கிறது. ஃபுடோ என்று அவர்கள் அழைக்கும் அத்தெய்வம் சம்ஸ்கிருதத்தில் அசலநாதர் என்று நான் சொன்னதுதான் தாமதம், என் தாயார் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று முறை அபிஷேகம் செய்து, “நம்ம சாமிதான்ப்பா” என்று தீர்ப்பளித்தார். அன்றைய தினத்தில் எங்களுக்குச் செலவு வைக்காத இடம் அது ஒன்றே.

இனி என் குறை. ஒசாகா ஒரு மாநகரம். பாசிர் கூடாங்கும் 2020 நவம்பர் முதல் மாநகரம். இந்தச் சமத்துவத்தை என் மகன் அப்படியே நம்பிவிட்டான். ஊர் திரும்பிய மறுநாள், ஜோகூர் பாருவுக்குப் போக எங்கள் தாமான் வாசலில் நிற்கும் கம்பத்தடியில் நின்றுகொண்டு, “அப்பா, பஸ் எத்தனை மணிக்கு?” என்று கேட்டான். கம்பத்தில் எழுத்து ஒன்றுமில்லை. அயல்வீட்டுப் பாட்டி, “வரும்போது வரும் தம்பி” என்றார். எங்கள் ஊர்த் துறைமுகத்துச் சரக்குகளுக்குக் கெம்பாஸ் பாருவிலிருந்து ரயில் பாதை போட்டிருப்பதை அவன் எங்கோ படித்துவிட்டு, பெட்டிகள் ரயிலில் போகும்போது மனிதர் ஏன் லோரிகளுக்கு நடுவே காரில் போகவேண்டும் என்றும் கேட்கிறான். பல தேசத்துப் பட்டங்களை வானத்தில் ஒழுங்காக ஏற்றி இறக்கி விழா எடுக்கும் ஊரில், ஒரு பஸ்ஸைத் தரையில் வேளைக்கு ஓட்டுவது கஷ்டமா என்பது அவனுடைய அடுத்த கேள்வி. கிழக்கு நோக்கிய நாற்பது வருஷங்களில் தொழிற்சாலை மட்டும் நோக்கிற்று, பஸ் நிறுத்தம் நோக்கவில்லை என்று குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

ஆகவே, சுரங்க ரயில் வேண்டும் என்றோ, கடைவீதிக்குக் கூரை வேண்டும் என்றோ அடியேன் கேட்கவில்லை. அந்தக் கம்பத்தில் பஸ் வரும் நேரத்தை ஒரு காகிதத்தில் எழுதி, மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டுமாறு உத்தரவிட வேண்டுகிறேன். காகிதமும் உறையும் நானே வாங்கித் தருகிறேன். நேரத்தை மட்டும் தாங்கள் தந்தால் போதும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
பாசிர் கூடாங் பிரஜை ஒருவன்