தடாகம் ரோட்டு மண்

எழுபதுகளின் கடைசியில் கோவை ஆர்.எஸ்.புரத்தில் வளர்ந்த எங்களுக்கு மண் கிடைக்குமா என்ற கேள்வியே எழுந்ததில்லை. எந்தத் தெருவுக்குப் போனாலும் ஏதாவது ஒரு வீட்டு வேலை நடந்துகொண்டிருக்கும். தடாகம் ரோட்டில் செங்கல் லாரிகள் போகும். போன பிறகும் செம்புழுதி காற்றில் நிற்கும். மழை விட்டதும் சேற்றைப் பிசைந்து சட்டி, அடுப்பு, அம்மி என்று ஒரு குடித்தனத்துக்கே சாமான் செய்து மதில்மேல் காயவைப்போம். சட்டையில் சேறு இருந்தால் வீட்டில் முதுகில் இரண்டு விழும். யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் பாராட்டவும் இல்லை. பிள்ளையார் சதுர்த்திக்கு முதல்நாள் மட்டும் களிமண்ணுக்கு மரியாதை வரும். குன்றிமணிக் கண் வைத்து, எருக்கம்பூ மாலை போட்டுக் கும்பிடுவோம்.

இன்று அதே பகுதியில், ஒரு குடியிருப்பின் பொது அறையில், பிள்ளைகளுக்கு மண் வேலையும் மொசைக்கும் சொல்லித்தருகிறேன். அன்று எதைச் செய்ததற்கு அடி வாங்கினோமோ, அதைச் செய்யத் தங்கள் பிள்ளைகளைப் பெற்றோர் கட்டணம் கட்டிச் சேர்க்கிறார்கள். களிமண் பிளாஸ்டிக் பையில் கட்டி, கிலோ கணக்கில் வருகிறது. முதல் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இரண்டு விரலால்தான் மண்ணைத் தொடுவார்கள். "மிஸ், கை பிசுபிசுங்குது, டிஷ்யூ இருக்கா?" உள்ளங்கை முழுவதையும் மண்ணில் பதிய வைப்பதிலேயே அன்றைய வகுப்பு முடிந்துவிடும். அதை வீணான பொழுதாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

அந்தப் பிள்ளைகள் வசிக்கும் வீடுகளில் பலவற்றின் சுவர் தடாகம் மண்ணைச் சுட்டு எழுந்தது. மலையடிவாரத்தில் சின்னத்தடாகம், வீரபாண்டி, நஞ்சுண்டாபுரம், சோமையம்பாளையம் என்று ஊர் ஊராகச் செம்மண்ணைத் தோண்டினார்கள். யானைகள் நடமாடும் நிலத்தில் பனைமர உயரத்துக்குப் பள்ளங்கள் விழுந்தன. ஊர்மக்கள் நீதிமன்றம் வரை போய்ப் போராடிய பிறகு, 2021-இல் அனுமதியில்லாத 180-க்கும் மேற்பட்ட சூளைகளை மாவட்ட நிர்வாகம் மூடியது. நகரம் ஒரு பள்ளத்தாக்கின் மண்ணையே எடுத்து வீடு கட்டிக்கொண்டது; அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பிடி மண்ணைத் தொட வகுப்பு தேவைப்படுகிறது. இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்கிறேன். மண் என்பது கடைச்சரக்கு அல்ல, அது ஓரிடத்திலிருந்து வருகிறது, எடுத்த இடத்தில் குழி விழுகிறது என்பது எட்டு வயதில் தெரிய வேண்டிய சேதிதான்.

பையில் வரும் மண்ணோடு நிறுத்திக்கொள்ள மனம் ஒப்பவில்லை. கவுண்டம்பாளையத்தில் பொங்கல் பானையும் கார்த்திகை விளக்கும் செய்யும் குயவர் குடும்பங்கள் உண்டு. அங்கிருந்து ஒரு பாட்டியை வகுப்புக்கு அழைத்து வருகிறேன். எனக்குத் தருவதைப் போலவே அவருக்கும் சம்பளம் தரவேண்டும் என்று முதலிலேயே பேசிவிட்டேன். குளத்து மண்ணைக் காயவைத்து, தட்டி, ஊறப்போட்டு, சல்லடையில் கல்லும் வேரும் போக வடித்து, நுண்மணல் கலந்து மிதிப்பதை அவர் செய்துகாட்டினால் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். சக்கரத்திலிருந்து அடியில்லாமல் வரும் பானையை, உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அவர் அடியை மூடும்போது, எல்லோரும் எழுந்து பக்கத்தில் போய் நின்றுகொள்வார்கள். "அவசரப்படாத கண்ணு, அது காயற நேரத்துக்குத்தான் காயும்" என்பார்.

நான் சொல்லித்தருவதன் சாரமும் அதுதான். ஒரு யானை செய்தால் அதன் வயிற்றைக் குடைந்து எடுக்க வேண்டும். தடித்த மண்ணுக்குள் ஈரம் தங்கினால், சூளையில் அது நீராவியாகி யானையையே வெடிக்கவைக்கும். காதை ஒட்டும் இடத்தில் இரு பக்கமும் கீறி, மண்குழம்பு தடவி அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் காயும்போது காது தனியே வந்துவிடும். நிழலில் ஒரு வாரம் காய வேண்டும். பிறகு மின்சூளையில் முதலில் மெல்ல மெல்லச் சூடேற்றி, ஆயிரம் டிகிரி அளவுக்குக் கொண்டுபோய், தானாக ஆறும் வரை கதவைத் திறக்காமல் இருக்க வேண்டும். "இன்னிக்கே வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். முடியாது. எல்லாம் பத்து நிமிடத்தில் வாசலுக்கு வரும் ஊரில், பத்து நாள் காத்திருந்து வாங்கும் ஒரு பொருள் பிள்ளைக்கு இருக்கட்டும்.

மொசைக்கின் கதையும் இப்படித்தான். அன்று புது வீடு என்றால் மொசைக் தரை. பாலிஷ் மெஷின் போடும் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். பளிங்குச் சில்லு அரைந்த பால்வெள்ளைத் தண்ணீர் சாக்கடையில் ஓடும். இன்று அந்த வீடுகளை இடிக்கிறார்கள். இடிக்கும் இடங்களிலும் டைல்ஸ் கடைகளிலும் உடைந்த துண்டுகளைச் சாக்கில் வாங்கி வருகிறேன். "இந்த ஓட்டாஞ்சில்லை வெச்சு என்னங்க பண்ணுவீங்க?" என்று லாரிக்காரர் கேட்டார். சண்டிகரில் நேக் சந்த் என்ற அரசு ஊழியர் உடைந்த ஓடும் பீங்கானும் வளையலும் சேர்த்து ரகசியமாக ஒரு தோட்டத்தையே கட்டியதையும், 1976-இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டதையும் சொன்னேன். மறுவாரம் அவரே ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கினார்.

துண்டுகளைக் குறடால் நறுக்குவது பெரியவர்கள் வேலை. கூர்முனையைக் கல்லில் தேய்ப்பது, எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எது என்று முடிவுசெய்வது, கையுறை போட்டு இடைவெளியில் வெள்ளை சிமெண்ட் நிரப்பி ஈரப் பஞ்சால் துடைப்பது பிள்ளைகளுடையது. மண் வகுப்பில் பானையின் அடியில் பெயர் கீறும்போது கொடுமணலைப் பற்றிச் சொல்வேன். நொய்யல் கரையில் தோண்டிய அந்த ஊரில், ஈராயிரம் ஆண்டுக்கு முன் நம் கொங்கு மக்கள் பானைகளில் தமிழி எழுத்தில் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள். மையில் எழுதியது அழிந்திருக்கும். மண்ணில் கீறியது மிஞ்சியது. கேட்டதும் பிள்ளைகள் தங்கள் பெயரை இன்னும் ஆழமாகக் கீறுவார்கள்.

உடுமலைப் பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குப் பொங்கலன்று போனால், மாடு கன்று நலமாக இருக்க மக்கள் மண் உருவாரம் வைப்பதை இன்றும் பார்க்கலாம். மண்ணோடு இருந்த உறவு அறுந்துவிடவில்லை. கட்டணம் கட்ட முடிகிற வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் அது கிடைக்கிறது என்பதுதான் என் வருத்தம். அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழாவில் களிமண் வேலைக்கும் இடம் தந்திருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் போட்டி முடிந்ததும் அந்த மண் சுடப்படாமலே உதிர்ந்துவிடுகிறது. குளத்து வண்டலையும் களிமண்ணையும் தாசில்தார் அனுமதியோடு கட்டணமின்றி எடுக்கலாம் என்று 2024-இல் அரசே வழி செய்துவிட்டது. மண் இருக்கிறது, கற்றுத்தரக் குயவர்களும் இருக்கிறார்கள். வட்டாரத்துக்கு ஒரு சூளையும், அதை நடத்தும் குயவருக்கு ஆசிரியர் என்ற பெயரும், ஆசிரியருக்கு உரிய சம்பளமும் கொடுத்தால், மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளையும் தான் செய்த பானையைத் தட்டிப் பார்த்து அதன் ஓசையைக் கேட்கும். அதைத்தான் நாம் கேட்டு வாங்க வேண்டும்.