மழையும் மாடியும்

கேள்வி: நம் கையில் இருப்பதில் மட்டும் கவனம் வை என்கிறார்களே, சென்னைவாசிக்கு அது பொருந்துமா? மழையே நம் கையில் இல்லையே!

பதில்: மழை வானிலை ஆய்வு மையத்தின் கையிலேயே இல்லை, உங்களுக்கு எதற்கு அந்தப் பொறுப்பு? மாடி உங்களுடையது. 100 சதுர மீட்டர் மாடியில் 1 செ.மீ. மழை விழுந்தால் 1,000 லிட்டர். 2015இல் வெள்ளத்தில் மிதந்த ஊருக்கு 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. வானம் கஞ்சத்தனம் செய்தது உண்மைதான். கொடுத்தபோது கடலுக்கு அனுப்பியது யார்? ஒரு வீட்டு மழைநீர் சேகரிப்புக் குழியால் ஏரி நிரம்புமா என்பீர்கள். நிரம்பாது. ஏரி ஆக்கிரமிப்பைத் தடுப்பது அரசின் வேலை. அதைக் கேட்க உங்களிடம் ஓட்டு இருக்கிறது. ஆனால் 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்க் குழியில் பழைய செருப்பு கிடந்தால், அதற்கு எந்தக் காற்றழுத்தத் தாழ்வு நிலையும் பொறுப்பல்ல. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். செப்டம்பருக்குள் குழியைத் தூர்வாருங்கள்.