சிட் பாரட்டும் கட்டம் போட்ட கம்பளியும்

ராக் இசையில் எனக்குப் பிடித்தவர் சிட் பாரட் என்று சொன்னால், "யாரு?" என்பார்கள். பிங்க் ஃபிளாய்டுக்குப் பெயர் வைத்தவர், முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாட்டுகளை எழுதியவர் என்று விளக்கினால் முகம் மலரும். "ஓ, அந்த முக்கோணம் போட்ட பனியன்!" அந்த முக்கோணம் வந்தது 1973இல். சிட் 1968லேயே குழுவை விட்டுப் போய்விட்டார். பனியன் விற்ற காசில் அவருக்குப் பங்கு உண்டா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அவரை எனக்கு உறவுக்காரர் ஆக்கியது ஒரு பஞ்சாபி. அறுபதுகளின் நடுவில் சிட்டின் கேம்பிரிட்ஜ் நண்பர்கள் சிலர் பியாஸ் ராதாசுவாமி குரு சரண்சிங்கிடம் தீட்சை பெற்றார்கள். சிட்டும் ஆசையாகப் போய் நின்றார். வயது போதாது, இன்னும் மாணவன்தானே என்று குரு திருப்பி அனுப்பிவிட்டார். ஞானம் கேட்டு வந்த வெள்ளைக்காரப் பையனிடமும் முதலில் படிப்பை முடிக்கச் சொல்லும் தேசம் நம்முடையது. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் என் அப்பா தினமும் சொன்னதும் அதையேதான். என்ன, அவர் தாடி வைத்திருக்கவில்லை.

சிட்டின் முதல் ஆல்பம், 'த பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்', 1967இல் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் பதிவானது. அதே கட்டடத்தில் பீட்டில்ஸ்காரர்கள் 'சார்ஜன்ட் பெப்பர்' வேலையில் இருந்தார்கள். எனக்கு அது வந்து சேர்ந்தது எண்பதுகளில், யாரோ யாரிடமோ வாங்கிப் பதிவு செய்த கேசட்டாக. சிங்கப்பூர் மாமா கொண்டுவந்த டூ-இன்-ஒன்னில் போட்டேன். கடைசிப் பாட்டு ஒரு சைக்கிளைப் பற்றியது. அது முடிந்ததும் வாத்துக்கூட்டம் கத்துவதுபோல ஒரு சத்தம் திரும்பத் திரும்பச் சுழலும். அடுத்த அறையிலிருந்து அப்பா பாய்ந்து வந்தார். "டேய், டேப்பு சிக்கிக்கிச்சுடா! ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு!" கையில் நடராஜ் பென்சில், சுற்றத் தயாராக. "இது பாட்டுப்பா" என்றேன். என்னைப் பார்த்தார், டூ-இன்-ஒன்னைப் பார்த்தார், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டார். ராக் விமர்சனம் நிறைய வாசித்திருக்கிறேன். அதைவிடச் சுருக்கமான ஒன்றைக் கண்டதில்லை.

சிட்டைப் புரிந்துகொள்ள வெறும் காது போதாது என்று ஹாஸ்டல் அறிஞர்கள் தீர்மானித்தார்கள். ஆகவே கொடைக்கானல். அங்கே மலைச்சரிவில் முளைக்கும் போதைக் காளானின் புகழ் வெளிநாடுவரை போயிருந்தது. வட்டக்கானல் பக்கம் ஒருவர் அதை ஆம்லெட்டில் போட்டுக் கொடுத்தார். சட்டம் அதை ஒப்புக்கொள்ளாது. என் நாக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. வாக்மேனில் சிட்டைப் போட்டு, ஹெட்ஃபோனை ஆளுக்கொரு காதாகப் பிரித்துக்கொண்டு, பிரபஞ்சம் திறப்பதற்காகக் காத்திருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் சிட்டின் குரல் இழுபட ஆரம்பித்தது. கிடார் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. காலமே கரைவதை உணர்ந்தோம். "ஸ்டார்ட் ஆயிடுச்சு மச்சி" என்று ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினான். பேட்டரி தீர்ந்திருந்தது.

நிஜமாகவே ஆரம்பித்தது ராத்திரி, லாட்ஜ் அறையில். நான் எதிர்பார்த்தது நெபுலா, சனிக்கிரகம், குறைந்தபட்சம் ஒரு யாளி. எனக்குக் கிடைத்தது லாட்ஜ்காரர் கொடுத்த கட்டம் போட்ட கம்பளி. அதன் கட்டங்கள் மெல்ல இடம் மாறின. ஒரு கட்டம் குறைந்தாலும் காலையில் லாட்ஜ்காரர் காசு கேட்பார் என்ற பயம் பிடித்துக்கொண்டது. விடியவிடிய எண்ணினேன். நடுவில் வானத்திலிருந்து ஒரு குரலும் கேட்டது. "ஸ்வெட்டர் போட்டியா?" என் அம்மா. கண்கலங்கியவன் மட்டும் ஏதோ மகத்தானதைக் கண்டிருக்கிறான். என்னவென்று கேட்டால் வாளி என்பான், அதற்குமேல் சொல்லமாட்டான்.

அதன்பிறகுதான் சிட் எழுதியதைக் கவனித்தேன். சைக்கிள், பூனை, தோட்டத்துக் குள்ளன். முதல் சிங்கிளான 'ஆர்னல்டு லேன்' கொடியில் காயும் பெண்கள் துணியைத் திருடுகிறவனைப் பற்றியது. சிட் வீட்டிலும் குழுத் தோழர் ரோஜர் வாட்டர்ஸ் வீட்டிலும் மாணவிகள் வாடகைக்கு இருந்தார்கள். அவர்கள் துணி நிஜமாகவே காணாமல் போயிருந்தது. எல்லாம் கொல்லைப்புறச் சரக்கு. வாளியும் இருந்திருக்கலாம்.

சிட்டின் மனம் குலைந்த கதையில் எனக்குச் சிரிப்பு வராது. எல்.எஸ்.டி.தான் காரணம் என்கிறார்கள் பலர். முன்பே உள்ளே ஏதோ இருந்தது என்கிறார்கள் சிலர். 1975 ஜூனில், அவரை நினைத்து எழுதிய பாட்டை நண்பர்கள் அபே ரோட்டில் பதிவு செய்துகொண்டிருந்தபோது, தலையும் புருவமும் மழித்த பருமனான ஆள் ஒருவர் உள்ளே வந்து நின்றார். வெகுநேரம் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் வாட்டர்ஸ் அழுதார்.

பிறகு சிட் கேம்பிரிட்ஜுக்கே திரும்பி, ரோஜர் என்ற பழைய பெயரோடு, படம் வரைந்துகொண்டும் தோட்டம் பார்த்துக்கொண்டும் வாழ்ந்து, 2006 ஜூலையில் காலமானார். அந்த நவம்பரில் அவர் சாமான்களை ஏலம் விட்டார்கள். சொந்தக் கையால் செய்த மரச்சாமான்கள், புத்தகங்கள், ஓவியங்கள், இரண்டு சைக்கிள்கள். மொத்தம் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் போயிற்று. செய்தியை மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

"நம்ம பழைய சைக்கிளுக்கு இரும்புக்கடைக்காரர் எவ்வளவு தரேன்னார்?" என்றாள். "நீங்களும் ஒரு பாட்டு எழுதிப் பாருங்களேன்."